பெரிய பேட்டரி

அப்பாவை டயாலிசிஸுக்குக் கோவை வரை கூட்டிப்போகத்தான் கோகிலவாணி பழைய மின்சாரக் காரில் பெரிய பேட்டரி மாட்டினாள். இன்று காலை அவரை உட்காரவைத்து வண்டியை எடுக்கப் போனால், ராத்திரி முழுக்க பிளக்கில் மாட்டியிருந்தும் சார்ஜ் சுத்தமாக இல்லை. மாட்டியிருக்கும் வண்டிகளிலிருந்து ஊருக்குக் கரண்ட் எடுக்கும் மின்பகிர்வு மையத்துக்குப் போன் செய்தாள்.

"யாரக் கேட்டு எங்க கார்ல கரண்ட உறிஞ்சுனீங்க?"

"பெரிய பேட்டரின்னா ஊருக்குப் பங்கு குடுக்கோணுங்க. சின்னதுக்குத்தான் விலக்கு. ராத்திரி உங்க எதுத்தாப்புல இருக்கற கல்யாண மண்டபத்துக்கு எடுத்தோமுங்க."

எதிரே, விடிந்தும் அணைக்காத சீரியல் விளக்குகள் மணமக்கள் பெயரை மின்னி மின்னிக் காட்டின. அப்பாவின் வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு அவரைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்குள் கூட்டிப்போனாள். வாசலில் நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"உங்க லைட்டெல்லாம் எங்கப்பாவோட டயாலிசிஸ்லதான் எரிஞ்சுதுங்க. வெளிய பூச்சுத்தி நிக்குதே மாப்பிள்ளைக் காரு, அதோட சாவியக் குடுங்க."