ஆளுக்கொரு நோய்

"இந்த வாரம் இடுப்பு வலி யாருக்கு?"

மேஸ்திரி தங்கராசு உப்புப் பாத்தி வரப்பில் நின்று கேட்டார். உப்பு வாரிக்கொண்டிருந்த குப்புசாமி கையைத் தூக்கினான்.

"போன வாரமும் உனக்குத்தானடா? ஆண்டாளு, நீ எடுத்துக்க. குப்புசாமிக்கு வயித்துப்போக்கு. கொளஞ்சி அண்ணனுக்குப் பல்வலி."

கொளஞ்சிக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

அந்தோணியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானூரிலிருந்து மருமகளாக வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஜெபமாலை சொல்லி வளர்ந்த பெண். வெள்ளிக்கிழமை தோறும் மாதா கோயிலில் உபதேசியார் சவரிராயன் நோயாளிகள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆசையாகக் காத்திருந்தாள். இங்கே என்னடாவென்றால், வேலை பிரிக்கிற மாதிரி நோயைப் பிரிக்கிறார்கள். நாடு பூரா எமர்ஜென்சி. இந்த ஊரில் பொய்க்கு மட்டும் ஒரு கட்டுப்பாடும் இல்லையே?

"ஏன் அத்தை, சாமி பேரைச் சொல்லி ஏமாத்தலாமா? இன்னிக்கு உபதேசியார்கிட்ட சொல்லத்தான் போறேன்."

மாமியார் முத்தம்மாள் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள்.

"சொன்னா அந்த மனுசன் செத்துடுவாரும்மா. பொஞ்சாதி போனதுலேர்ந்து மூணு மாசம் பாயை விட்டு எழுந்திருக்கல. கஞ்சி குடுத்தா வாயில வைக்கல. ஒருநாள் நாந்தான் கால் வலிக்குதுன்னு பொய் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னேன். எழுந்து குளிச்சாரு. சோறு தின்னாரு. யாரும் போவாத வாரம் பழையபடி சுருண்டுட்டாரு. வாராவாரம் நெசமான நோய்க்கு நாங்க எங்க போறது?"

அந்தோணியம்மாள் குனிந்து பலகையை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள்.

வெயில் ஏறி வேலை விட்டதும் எல்லோரும் கால் கழுவிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஆண்டாள் இடுப்பைப் பிடித்தாள். நெற்றி நிறைய திருநீறோடு குப்புசாமி வயிற்றைப் பிடித்தான். முத்தம்மாள் வாசல்வரை இடது காலை நொண்டினாள், உள்ளே போனதும் வலது காலை.

அந்தோணியம்மாளும் வரிசையில் நின்றாள்.

"உனக்கு என்னம்மா?" என்றார் உபதேசியார்.

"தலைவலிங்க ஐயா."

அவர் கண்ணை மூடி, உருக்கமாக ஜெபித்தார். முடித்ததும் குனிந்து அவள் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"நீ ஊருக்குப் புதுசு. பாத்ததுமே தெரிஞ்சிருக்கும், இவங்க ஒருத்தருக்கும் நோய் கிடையாது. ஏனோ பாவம், இப்படி வந்து நின்னாதான் இவங்களுக்கு மனசு ஆறுது. எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கலம்மா, இவங்களுக்காவத்தான் எழுந்து வர்றேன். எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாத, மனசு ஒடிஞ்சிடுவாங்க."