தொலைந்த ராணி ஜெஸ்ஸி டில்மன்

“ஜெஸ்ஸி டில்மன் அம்மா வீடு இதுதானே?”

வாசலில் நின்ற பையன் சிகாகோவிலிருந்து வந்திருந்தான். பெயர் ஸ்பென்சர். ஒரு கையில் சூட்கேஸ் மாதிரி மூடிய ரெக்கார்டு பிளேயர், இன்னொரு கையில் பளபளவென்று ஒரு புது இசைத்தட்டு. உலகம் மறந்துபோன ப்ளூஸ் பாட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவது அவன் கம்பெனியின் வேலை. மெம்ஃபிஸ் டெலிபோன் புத்தகத்தில் பேரைப் பார்த்து வந்திருந்தான்.

“அம்மா இல்ல, அய்யா. நான்தான் ஜெஸ்ஸி டில்மன்,” என்றார் ஜெஸ்ஸி டில்மன்.

ஸ்பென்சர் மரியாதையாகச் சிரித்தான். “அப்ப நீங்க அவங்க வீட்டுக்காரரா சார்?”

உள்ளே சோபாவில் காராமணி உரித்துக்கொண்டிருந்த ஜெஸ்ஸியின் மனைவி லூடெல்லாவுக்கு இது கேட்டுவிட்டது. அந்தச் சனிக்கிழமை மதியத்துக்கு இதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

1954-இல், ஒரு கறிக்கடையின் பின்னறையில் நடந்த கம்பெனிக்கு, தான் ஒரு பாட்டுப் பாடி ரெக்கார்டு கொடுத்ததாக ஜெஸ்ஸி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று வருடம். லூடெல்லா அதே நாற்பத்து மூன்று வருடமாக நம்பாமல் இருந்தார்.

அந்தக் கம்பெனி அடுத்த மாதமே படுத்துவிட்டது. கையிலிருந்த ஒரே பிரதியைப் பெண் கேட்கப் போன அன்று ஜெஸ்ஸி பெருமையாக எடுத்துப் போனார். அங்கே நாற்காலியில் வைத்தார். ஒருமுறைகூடப் போட்டுக் கேட்பதற்குள், மாமியாராகப் போகிறவர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல கனமான மாமியார்.

அதிலிருந்து சர்ச்சில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில்கூட, “இவருதான் எங்க வீட்டு ரெக்கார்டு ராசா” என்றுதான் லூடெல்லா அவரை அறிமுகம் செய்வார்.

ஜெஸ்ஸிக்கு இனிமேல் புகழ் வேண்டாம். இந்த ஒருத்தி ஒருமுறை நம்பினால் போதும்.

இன்று சாட்சி வீடு தேடி வந்திருந்தது. பெண் வேடத்தில்.

இசைத்தட்டின் அட்டையில் ‘நாம் தொலைத்த ராணி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போட்டோ கிடைக்காததால் ஒரு பெண்ணின் நிழல். பின்பக்கம் ஒரு பேராசிரியர், ராணியின் கிடார் வாசிப்பில் தெரியும் சின்னஞ்சிறு விரல்களைப் பற்றி இரண்டு பத்தி உருகியிருந்தார்.

ஜெஸ்ஸி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடம் சிட்டி பஸ் ஓட்டிய விரல்கள்.

ஸ்பென்சர் தட்டை வைத்து முள்ளை இறக்கினான். தேன் தடவிய மெல்லிய பெண் குரல் ஒன்று கூடத்தை நிறைத்தது.

லூடெல்லா தொடையில் தட்டிச் சிரித்தார். காராமணி நாலாபுறமும் சிதறியது. “ஏன் ஜெஸ்ஸி, இந்தக் குரல இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த? சர்ச்ல எருமை கத்துற மாதிரில்ல பாடுவ!”

ஜெஸ்ஸி தட்டின் பக்கம் குனிந்தார். பாட்டு அவருடையது. கிடார் அவருடையது. குரல் யாருடையது?

அப்போதுதான் கறிக்கடையின் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது.

ஐஸ் பெட்டிக்கும் ஒலிப்பதிவு எந்திரத்துக்கும் ஒரே கரண்டு. பெட்டி உறுமத் தொடங்கினால் விளக்கு மங்கும், எந்திரம் நொண்டும். நொண்டிக்கொண்டே பதிந்த பாட்டைச் சரியான வேகத்தில் போட்டால் அது ஓடத்தானே செய்யும். ஓடினால் குரல் ஏறத்தானே செய்யும்.

“தம்பி, இது வேகமா ஓடுது.”

“இல்ல சார், பிளேயர் சரியான வேகம்தான்.”

“பிளேயர் சரிதான்யா. நான்தான் வேகமா ஓடுறேன்!”

சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

ராணி தடுமாறினார். குரல் ஒரு படி இறங்கியது. ஜெஸ்ஸி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ராணிக்கு மீசை முளைத்தது. அடுத்த அடிக்குள், இருபத்து நான்கு வயது ஜெஸ்ஸி டில்மன் அதே கூடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். எருமைதான். ஆனால் இளம் எருமை.

லூடெல்லாவின் சிரிப்பு நின்றது. கையில் பாதி உரித்த காராமணி.

“அடப்பாவி,” என்றார் மெதுவாக. “நீதானா அது!”

ஸ்பென்சர் அட்டையில் இருந்த நிழலையும் ஜெஸ்ஸியையும் மாறி மாறிப் பார்த்தான். சிகாகோவில் ஐயாயிரம் அட்டைகள் அச்சாகிக் கிடந்தன.

ஜெஸ்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே விரலை எடுத்திருக்கலாம். ஆனால் நாற்பத்து மூன்று வருடம் காத்திருந்த மனிதர், இன்னும் ஒரே ஒரு வரி கேட்க ஆசைப்பட்டார். தாளம் மறக்கவில்லை. மெட்டு மறக்கவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

‘எர்னஸ்டீன்… எர்னஸ்டீன்… பின்கதவைத் திற கண்ணே…’

லூடெல்லா கையிலிருந்த காராமணியைக் கீழே வைத்தார். பேசவேண்டியது தன் கடமை என்று ஸ்பென்சருக்குத் தோன்றிவிட்டது.

“இந்த எர்னஸ்டீன் யாருன்னு பேராசிரியர் ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணாரு சார். பாடினவங்களோட தங்கச்சியா இருக்கும்னு உள்ள போட்டிருக்கோம்.”

“தங்கச்சிதான் தம்பி,” என்றார் லூடெல்லா. “என் தங்கச்சி.”

ஜெஸ்ஸி தட்டிலிருந்து விரலை எடுத்தார். குரல் ஒவ்வொரு படியாக ஏறி, மறுபடி தேனாக வழியத் தொடங்கியது.

“என்ன குரல்!” என்றார் ஸ்பென்சரிடம். “யாரோ, பாவம். உயிரோட இருந்திருந்தா ஒரு தடவ பாத்திருக்கலாம்.”