தெரு நின்ற மத்தியானம்

விசிலை உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு உள்ளவரை ஊதினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல.

அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை அவள். காற்று போய் மோதுகிற விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு, நகத்துக்கு மட்டும் தட்டுப்பட்டது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள். பித்தளைத் தூள் மடியில் உதிர்ந்து மினுங்கியது.

அந்த மாடி அறைதான் அவளுடைய கம்பெனி. ஒரு கைப்பிரஸ், இரண்டு அச்சு, பற்றவைக்க ஒரு சின்ன அடுப்பு, ஒரு ஸ்டூல். முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் அவளே. மூலையில் ஒரு பெயின்ட் டப்பா நிறைய தோற்றுப்போன விசில்கள்.

அவை தோற்றவை என்று தீர்ப்புச் சொன்னவர் கணவர். கீழே தையல் கடை வைத்திருப்பவர். அவள் ஊதுவாள், அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி இருந்துவிட்டு, உதட்டைப் பிதுக்குவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அந்த முகத்தைப் பார்த்தாலே போதும், விசில் டப்பாவுக்குப் போய்விடும்.

இன்று அவர் இன்னும் மேலே வரவில்லை. யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை பொறுத்திருக்க அவளால் முடியவில்லை. பட்டறைகளுக்குச் சாமான் போடுகிற வியாபாரி சாயங்காலம் வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, ஊதிப் பார்த்து, கையை விரித்துவிட்டுப் போனவர். இன்றைக்கும் அப்படியே போனால் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய பட்டறைக்கே திரும்ப வேண்டியதுதான். அவள் உட்கார்ந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார்.

பாத்திரம் அடிக்கிற பட்டறை அது. வரிசையாகப் பவர்பிரஸ்கள். அவளுடைய பாதி ஆயுசு அங்கேதான் போனது. ஒருநாள் மெஷினை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி விசில் ஊதினாராம். அந்த இரைச்சலில் அது யாருக்கும் எட்டவில்லை. அவளுக்கு அடுத்த மெஷினில் இருந்தவளுக்கு இரண்டு விரல் போயிற்று.

எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போய்ச் சேருகிற ஒரு விசில் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது. அதன்பிறகு அது எழுந்து போகவே இல்லை.

வீட்டில் சொன்னபோது, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிக்குப் புரையேறிவிட்டது.

“ஏன்க்கா, உலகத்துல எத்தனையோ சாமான் இருக்கு. போயும் போயும் உனக்கு விசில்தானா கெடச்சுது?”

அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டு அவன் வாயை அடைத்தாள்.

இப்போது விசிலை முந்தானையில் துடைத்து மறுபடியும் ஊதினாள். நீளமாக, நெஞ்சு வலிக்க.

ஒன்றும் இல்லை. பல் மட்டும் லேசாகக் கூசியது.

விசிலைக் கடித்தபடியே எழுந்து ஜன்னலுக்கு வந்தாள், அளவு கொடுக்க வந்த ஆள் கிளம்பிவிட்டாரா என்று பார்க்க.

தெரு நின்றுகொண்டிருந்தது.

ஏதோ விபத்து என்றுதான் முதலில் நினைத்தாள். முச்சந்தியில் ஒரு லாரி பாதி திரும்பியும் திரும்பாமலும் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, போலீஸ்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. வரிசையாகப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைப் பாதி கடந்து உறைந்திருந்தார்கள். எதிர் சலூனில் சவரக்கத்தி கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. நுரை பூசிய முகம் வாசலைப் பார்த்தது.

எல்லோரும் எதற்கு நிற்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. திகைப்பில் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். விசில் இன்னும் வாயில்தான் இருந்தது.

அத்தனை தலைகளும் ஒரே நொடியில் அவளை நோக்கி நிமிர்ந்தன.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நம்பமாட்டாமல், இன்னும் கொஞ்சம் விட்டாள். லாரி டிரைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சலூன்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

கட்டைவிரல் அளவு பித்தளை. காலையில் அது வெறும் தகடு. அதற்குள் போனது அவளுடைய மூச்சு, வீட்டிலும் பட்டறையிலும் இத்தனை வருஷமாக யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத அதே மூச்சு. வெளியே போய் அது ஒரு லாரியைப் பிடித்து நிறுத்திவிட்டிருக்கிறது.

ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காலடியில் தரை அதிர்ந்தது. திரும்பினாள். கழுத்தில் அளவு நாடாவோடு கணவர் ஓடிவந்து நின்றார்.

“கேட்டுச்சா?” என்றாள்.

தன் குரல் உரக்க வந்ததா, வெறும் காற்றாகப் போனதா என்று அவளுக்குத் தெரியாது. பட்டறை அவளுடைய காதுகளை முழுசாகத் தின்று தீர்த்து வருஷங்கள் ஆகிவிட்டன.

எப்போதும் செய்வதுபோல அவர் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். மேல்மூச்சு வாங்கியது. அவள் பார்த்துப் படிக்கும்படி உதடுகளை நிதானமாக அசைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்து போலீஸ்காரர் ஓடிவந்திருக்கிறார், எவன் ஊதியது என்று கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

முதல் முறையே புரிந்துவிட்டிருந்தது.