நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள்

படகில் தண்ணீர் இறைக்கிற வாளிக்குக்கூடப் பூட்டுப் போடுகிற மனிதர் அவர். அதனால் படகுத் துறையில் அவருக்குப் ‘பூட்டு’ என்றே பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. திறந்த வீடு என்று பெயர் எடுப்பதற்கு இது தேவலாம்.

அப்படிப்பட்டவர் ஒரு மெக்கானிக்கைத் தன் படகில் ஏறவிட்டார் என்றால், அது மருமகன் கொடுத்த நெருக்கடி.

“மாமா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்பவும் மீன் பெட்டி காலியா வந்தா நெட்டையண்ணன் படகுக்குப் போயிடுவேன். அவரும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு.”

மகளைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை பக்கத்துப் படகில் வலை இழுப்பதா? மானம் போவது ஒரு பக்கம். இருக்கிற ஒரே ஆளும் போய்விட்டால், தனியாக வலை இழுக்க அவருடைய இடுப்பு சம்மதிக்காது. ஆகவே மீன் காட்டும் மெஷின் வந்தது. உள்ளேயே ஜிபிஎஸ்ஸும் இருந்தது.

மெக்கானிக் பின்பலகையில் துளை போட ஆரம்பித்தான்.

“ஓட்டை போடறதுக்கு உன்னை எதுக்குப்பா கூப்பிடணும்? நானே போட்டு முழுகிக்க மாட்டேனா?”

“ஸ்க்ரூ தண்ணிக்கு மேலதான் பெரியவரே. இந்தக் கறுப்புக் குமிழ் மட்டும் தண்ணிக்குள்ள தொங்கும். அது சத்தம் அனுப்பும். அடியில என்ன இருக்கோ அதுல பட்டுத் திரும்பி வரும். அதை வச்சு மெஷின் படம் போடும்.”

“திரும்பி வரும்னு என்ன நிச்சயம்?”

மெக்கானிக் மெஷினை ஆன் செய்தான். முக்கியமான இடத்தில் பட்டனை அழுத்தினால் திரையில் சிவப்புப் புள்ளி விழும், மறுநாள் அதே இடத்துக்கு மெஷினே வழிகாட்டும் என்றான்.

“என் புள்ளியை எவனாவது திருடிட்டா?”

மெக்கானிக் சிரித்துக்கொண்டே, நகத்தளவு கார்டு ஒன்றைச் சொருகிக் காட்டினான். “இப்படிச் சொருகி, இதை அமுக்கி, பத்து எண்ணினா எல்லாப் புள்ளியும் கார்டுல வந்துரும். நெட்டையன் மெஷினும் இதே மாதிரிதான். நான்தான் மாட்டினேன். அவரு ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.”

“அவன் மெஷினைப் பூட்டுறதில்லையா?”

“மூடியே போடறதில்லை.”

நெட்டையன் தினமும் பெட்டி பெட்டியாக மீன் இறக்கும் ரகசியம் பூட்டுக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது.

மறுநாள் மதியம் நெட்டையன் சாப்பிடப் போனதும் அவன் படகில் ஏறினார். “ஒரு கயிறு எடுத்துக்கிறேன்” என்று யாரும் இல்லாத படகிடம் சொல்லிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் முதல் திருட்டு. பூட்டாத இடத்தில் திருடுவது அவருக்கே கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது. கார்டைச் சொருகினார். மெக்கானிக் பத்து எண்ணச் சொல்லியிருந்தான். அவர் நம்பாமல் முப்பது எண்ணினார்.

தன் மெஷினில் கார்டைப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள்!

விடிந்ததும் முதல் புள்ளிக்குப் போனார்கள். திரையில், கடலடியிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு கூட்டம் எழும்பி நின்றது.

“பாத்தீங்களா மாப்பிள்ளை! கல்யாணக் கூட்டம் மாதிரி நிக்குது!”

“அசையவே இல்லையே மாமா?”

“வயிறு முட்டத் தின்னிருக்கும். இறக்குங்க வலையை!”

இறக்கினார்கள். இழுத்தபோது எங்கோ சிக்கிக்கொண்டது. இன்ஜினை முடுக்கி இழுத்ததில் பாதி வலைதான் மேலே வந்தது. சகுனம் சரியில்லை என்று மருமகன் முனகினான். பூட்டு கேட்கவில்லை. இரண்டாவது புள்ளியில் மீதிப் பாதியும் கந்தலாயிற்று.

கரைக்கு வந்ததும் மருமகன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டான். “வலை இல்லாத படகுல எனக்கென்ன வேலை மாமா?” என்று நேராக நெட்டையன் படகை நோக்கி நடந்தான்.

பூட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெட்டையன் தன் மீன் இடங்களுக்குக் காவலாகக் கடலுக்குள் பழைய இரும்பைப் போட்டு வைத்திருக்கிறான்! சதிகாரப் பயல். விடக்கூடாது. காவல் நிலையத்துக்கே போனார். மூன்றாவது படியில் கால் நின்றது. ‘எங்க கிழிஞ்சது? அது நெட்டையன் இடம்னு உனக்கு எப்படித் தெரியும்?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் தானே கேட்டுக்கொண்டார். எல்லாப் பதிலும் தன் சட்டைப்பையில் இருந்த கார்டில் வந்து முடியவே, பேசாமல் இறங்கி வந்துவிட்டார்.

கந்தலை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தபோது நெட்டையன் வந்தான். பின்னாலேயே மருமகன்.

“அண்ணே, மாப்பிள்ளை எல்லாத்தையும் சொன்னாரு.”

 பூட்டின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

நெட்டையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையைத் தடவிப் பார்த்தான். “பாறையில மாட்டியிருக்கு. மனசு விட்றாதீங்கண்ணே. எனக்கும் மூணு வருஷம் இதே கதிதான். மீன் இன்னைக்கு இங்க நிக்கும், நாளைக்கு அங்க நிக்கும். அதைக் குறிச்சு வச்சு என்ன செய்யறது?”

பிறகு, கொஞ்சம் நெருங்கி வந்து சொன்னான்:

“ஒரு கார்டு இருந்தா குடுங்கண்ணே, நான் வலையைக் கிழிச்சுக்கிட்ட இடம் நாப்பத்தொண்ணு குறிச்சு வச்சிருக்கேன், சும்மாவே ஏத்தித் தர்றேன், இனிமேலாவது அந்தப் பக்கம் போகாம இருங்க.”