கறுத்த நகம்

"கைய மறைக்காதய்யா, காட்டு! இது இன்னான்னு தெரியாம இன்னைக்கு நான் திண்டிவனத்த வுட்டு நகர மாட்டேன்."

பாஞ்சாலி போட்ட அதட்டலில் தோல் டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் பாண்டுரங்கன் கூச்சத்தோடு கையை நீட்டினான். கட்டைவிரல் நகம் கன்னங்கரேலென்று இருந்தது.

"வலியே இல்லடி. ஜல்தியா கெளம்பினா மயிலம் பஸ்ஸப் புடிச்சிடலாம். மாடு கத்திக்கினு கெடக்கும்."

"கத்தட்டும். நகம் கறுத்தா அது புத்துநோயாக்கூட இருக்கலாமாம். பக்கத்து வூட்டு கலைமதி போன்ல பாத்துச் சொன்னா." அவள் குரல் உடைந்தது. "உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

பாஞ்சாலி ஒன்றை முடிவு செய்துவிட்டால் மயிலம் முருகனே மலையிறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள். புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். அப்போதும் சட்டையை விடவில்லை.

உள்ளே டாக்டர் சங்கவி நகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏதாவது அடி பட்டுச்சா?"

"இல்லீங்க டாக்டரம்மா," என்றாள் பாஞ்சாலி.

"சர்க்கரை இருக்கா?"

"போன மாசம்தான் பாத்தோம், இல்லீங்க."

"வயலுக்கு மருந்து அடிப்பாரா? சேத்துல ரொம்ப நேரம் கை வைப்பாரா? அதுல பூஞ்சை புடிக்கும்."

"மல்லாட்டைக் கடலைதாங்க போட்டுக்கினு இருக்கோம். சேறு ஏது?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அவரையும் கொஞ்சம் பேச விடுங்கம்மா. நகத்துல தெரியற கோளாறு எல்லாம் நகத்தோட கோளாறுன்னு சொல்ல முடியாது. சில சமயம் ரத்தக் குறைவு மாதிரி உடம்புக்குள்ள இருக்கிறதும் அங்கதான் தெரியும்."

பாஞ்சாலி மேஜையை நெருங்கி வந்தாள். "எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க டாக்டரம்மா. மெட்ராசுக்கு இட்டுக்கினு போவச் சொன்னாலும் போறேன். இந்த மனுசன நான் வுட மாட்டேன்."

டாக்டர் ஒரு சின்ன பிளேடால் நகத்தை மெல்லச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. அடியில் நகம் பளிச்சென்று இருந்தது. டாக்டரின் முகம் மாறியது.

"என்னங்க இது? தலைக்குப் பூசுற டை!"

"டையா?" பாஞ்சாலி பாய்ந்தாள். "அடப்பாவி மனுசா! ராத்திரி பூரா அழுதுக்கினு கெடந்தேனேய்யா! என் உசுர வாங்கறதுக்கா இந்தக் கூத்து?"

பாண்டுரங்கன் எழுந்து, அவள் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தான். அவளுடைய இரண்டு கைகளையும் டாக்டரின் மேஜைமேல் விரித்து வைத்தான். நகங்கள் வெளுத்து, நடுவில் கரண்டிபோலக் குழிந்திருந்தன.

"நாந்தான் பூசிக்கினேன் டாக்டரம்மா. பாக்க வேண்டியது இந்த நகத்தைத்தான். மாசக்கணக்கா கூப்புடறேன், தனக்குன்னா வர மாட்டேன்றா. எனக்கு ஒண்ணுன்னாதான் ஓடி வருவா."