பதினேழாவது தகடு

மஞ்சளாகவே இருந்துவிட வேண்டும் என்று சோதனைக்குழாயைப் பார்த்தபடி நின்றாள் ஆய்வு மாணவி.

சோதனை மருந்து கலந்த தண்ணீரில் நீலம் வந்தால் அம்மோனியா இருக்கிறது என்று பொருள். நான்கு வருடமாக அந்த நீலத்துக்காகத்தான் தவம் கிடந்தாள்.

வயலில் போட்ட உரம் இறங்கிக் கெட்டுப்போன தண்ணீரில் ஓர் உலோகத் தகட்டை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், அதிலுள்ள நைட்ரேட் அம்மோனியாவாக மாறும். அதைப் பிரித்து மறுபடி உரமாக்கலாம். தண்ணீரும் குடிக்கத் தேறும். தகடு சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் பதினாறு தகடுகளை விழுங்கியிருந்தது.

பதினேழாவது, செம்பின்மேல் கோபால்ட் பூசியது. போன வாரம் அது அடர்நீலம் காட்டியது. ஆய்வுக்கூடமே கைகுலுக்கிப் பாராட்டியது. பேராசிரியர் கட்டுரையைப் பாதி எழுதியும் விட்டார்.

இன்று அதே தகடு, அதே மின்சாரம். தண்ணீர் மட்டும் வேறு. நைட்ரேட் துளியும் இல்லாத சுத்தத் தண்ணீர். இதில் நீலம் வரவே கூடாது.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றுகொண்டே இருந்தாள். கால் கடுத்தது.

அரை மணியில் பச்சை தட்டியது. பிறகு நீலம். போன வாரத்து நீலமேதான்.

அப்படியானால் அம்மோனியா தண்ணீரிலிருந்து வரவில்லை. தகட்டைச் செய்தபோது அதைக் கழுவிய கரைசலில் இருந்த அம்மோனியாதான் பூச்சுக்குள் ஊறிக் கிடந்து இப்போது கசிகிறது.

அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

பேராசிரியர் வந்து குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இந்தச் சுத்தத் தண்ணி சோதனைய யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்களேம்மா."

திட்டவில்லை. அவருக்கும் ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி.

குறிப்பேட்டில் எழுதினாள்: பதினேழு, இல்லை. தேதி போட்டாள்.

வராந்தாவுக்குப் போய் அக்காவை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அக்கா. போன வாரம் இவள்தான் வாய் அடங்காமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இன்னும் இல்லக்கா. நீ கேன் தண்ணியே வாங்கு."

அக்கா சரி என்றாள். அவளுக்கு இது எட்டாவது மாதம்.

முதல் குழந்தை, நைட்ரேட் இறங்கிய வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்பொடியை, உடம்பு நீலம் பாரித்து அடங்கும்வரை, மூன்று மாதம்தான் குடித்தது.