தனி லைசென்ஸ்

மகளின் நிக்காஹ் பிரியாணியை அண்டாக்களோடு ஒரு சின்ன ட்ரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அதிராம்பட்டினத்திலிருந்து நீடாமங்கலம் மண்டபத்துக்குக் கிளம்பினார் இப்ராஹிம். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"ட்ரெய்லர் இழுக்கத் தனி லைசென்ஸ் வேணுமாமே, எடுத்துட்டீங்களா?"

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு காக்கிச் சட்டை தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தபடியே ஓட்டினார்.

"வெரசா போங்க," என்றாள் மனைவி மெஹராஜ் பேகம். "சாப்பாடு லேட்டானா சம்பந்திங்க முன்னாடி மானம் போயிடும்."

நீடாமங்கலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். இப்ராஹிம் இறங்கி ஓடினார்.

"சார், என்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு. ட்ரெய்லருக்குத் தனியா வேணும்னு சத்தியமா தெரியாது. பொண்ணு கல்யாணம் சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

போலீஸ்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"எந்த ட்ரெய்லருக்கு பாய்?"

இப்ராஹிம் திரும்பிப் பார்த்தார். காருக்குப் பின்னால் அறுந்த சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்துப் பாலத்துல பிரியாணி வண்டி ஒண்ணு அநாதையா கிடக்குன்னு போன் வந்துச்சு. உங்களோடதான்னு கேக்கத்தான் நிறுத்தினேன். சீக்கிரம் போங்க, அங்க ஊரே தட்டோட நிக்குதாம்."